பாலம் தாண்டிய தொப்புள்கொடி

சான் பெனிட்டோ, டெக்சாஸ்
மார்ச் 7, 2018

அக்கா ஓதிலியாவுக்கு,

நீ என் போனை எடுப்பதில்லை. என் மகள் யெசேனியாவின் போனிலிருந்து கூப்பிட்டபோதும் என் குரலைக் கேட்டவுடன் வைத்துவிட்டாய். அதனால்தான் கடிதம். கொண்டுவருகிறவர் என் பக்கத்து வீட்டு தோன் ஃபிதென்சியோ. பல் கட்டிக்கொள்ள வியாழக்கிழமைதோறும் பாலம் தாண்டி மத்தமோரோஸுக்கு வருகிறார். பல் டாக்டர் இருப்பது உன் பழந்துணிக் கடைக்கு எதிர்வரிசையில்தானாம். பழைய பல்லையெல்லாம் பிடுங்கியாகிவிட்டது, புதிது இன்னும் வரவில்லை. அவர் வாயால் சொன்னால் உனக்கு ஒன்றும் புரியாது. தயவுசெய்து இதைப் படித்துவிடு.

போன வருஷம் பாஸ்போர்ட்டுக்கு எழுதிப் போட்டேன். அம்மாவின் முதல் வருஷத் திருப்பலிக்கு வரவேண்டும் என்றுதான் போட்டேன். நீ நம்பமாட்டாய், இருந்தாலும் சொல்லிவைக்கிறேன். என்னிடம் இருக்கும் டெக்சாஸ் பிறப்புச் சான்றிதழை வைத்து அனுப்பினேன். கிணறு வெட்டப் பூதம் கிளம்பிவிட்டது.

பதில் வந்திருக்கிறது. என் சான்றிதழில் கையெழுத்துப் போட்ட மருத்துவச்சி தோன்யா ரெஃபூகியோ, ஆற்றுக்கு அந்தப் பக்கம் மெக்சிகோவில் பிறந்த சில குழந்தைகளையும் இங்கேதான் பிறந்தவை என்று எழுதிக் கொடுத்தவளாம். அதனால் அவள் கையெழுத்து செல்லாது என்கிறார்கள். அதோடு விட்டார்களா? உங்கள் பக்கத்துப் பதிவு அலுவலகத்திலும் என் பெயருக்கு ஒரு பிறப்புச் சான்றிதழ் இருப்பதைத் தோண்டி எடுத்திருக்கிறார்கள். 'என் வீட்டில் பிறந்தாள்' என்று அப்பாவே சொல்லிப் பதிந்தது. ஒரே பெண், ஒரே தேதி, இரண்டு நாடு. எது நிஜம் என்று நிரூபி என்கிறார்கள். அம்மா கர்ப்பமாக இருந்தபோது பார்த்த டாக்டர் சீட்டு, வாடகை ரசீது, ஞானஸ்நானச் சான்று, எது இருந்தாலும் அனுப்பச் சொல்கிறார்கள். அம்மா எந்த டாக்டரைப் பார்த்தாள்? ஞானஸ்நானம் நடந்ததும் உங்கள் பக்கத்துக் கோயிலில். அந்தக் காகிதம் எனக்கு எதிராக அல்லவா பேசும்!

அக்கா, என் பயம் என்னவென்றால், எங்கே பிறந்தேன் என்று எனக்கே தெரியாது. யாருக்குத்தான் தெரியும், சொன்னதை நம்பிக்கொண்டு வாழ்கிறோம். அப்பா போய்விட்டார், அம்மா போய்விட்டாள், மருத்துவச்சியும் போய்விட்டாள். கண்ணால் பார்த்தவள் நீ ஒருத்திதான். உனக்கு அப்போது பத்து வயது.

இந்த ஊர்த் தேர்தலில் ஓட்டுப் போட்டிருக்கிறேன். பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை பார்க்கிறேன். நான் இந்த நாட்டுக்காரி இல்லை என்று ஆகிவிட்டால் ஓட்டுப் போட்டதே குற்றம், வேலையும் போகும். கடைசியில் என்னைப் பாலத்துக்கு அந்தப் பக்கம் இறக்கிவிட்டுவிடுவார்கள். கட்டின புருஷன் எலிசியோவும் பெற்ற மகள் யெசேனியாவும் இந்தப் பக்கம் நிற்பார்கள். எலிசியோ, "அப்படில்லாம் ஒண்ணும் நடக்காது, சாப்பிடு" என்கிறார். அவர் சாப்பிடுவதில்லை.

வக்கீல் யாதிரா சொல்கிறாள், நேரில் பார்த்தவர் ஒருவர் சத்தியம் செய்து எழுதிக் கொடுக்க வேண்டும், பிறகு ஓர் அதிகாரி கூப்பிட்டு விசாரிப்பான் என்று. நீ வாராவாரம் இந்தப் பக்கம் வந்து போகிறாய். உன் பஸ் என் தெருமுனையில் நிற்கிறது. நீ இறங்குவதில்லை.

ஒரே ஒரு முறை இறங்கு.

ஹெர்லிந்தா

மத்தமோரோஸ்
மார்ச் 15, 2018

ஹெர்லிந்தாவுக்கு,

கடிதம் வந்தது. காகிதம் நல்ல காகிதம்.

அம்மாவின் பெட்டியைக் குழிக்குள் இறக்கும்போது சித்தி என் கையைப் பிடித்து, "சின்னவ எங்கடி? மண்ணு போட வரலியா?" என்று கேட்டாள். நான் என்ன சொல்வது? "அவ அமெரிக்காக்காரி சித்தி, லீவு கெடைக்கல" என்றேன். அங்கே நின்றவர்கள் எல்லாரும் கேட்டார்கள். அத்தனை பேர் முன்னாலும் உன் மானத்தை நான்தான் மூடி வைத்தேன். நீ ஒரு பூவாவது அனுப்பினாயா? அனுப்பினாய், சரி. பூ யாருக்கு வேண்டும்? முக்கால் மணி நேரப் பயணம்.

இப்போது பாஸ்போர்ட் வேண்டியிருக்கிறது, அக்கா நினைப்பு வந்துவிட்டது. ஆற்றைக் கடக்கும்வரை அண்ணன் தம்பி என்பார்கள். நீ கடக்கவே இல்லை, அதற்குள் அக்கா என்கிறாய்.

நான் வாராவாரம் அந்தப் பக்கம் வருகிறேன், ஆமாம். சுற்றிப் பார்க்கவா வருகிறேன்? கிடங்கில் பழந்துணியைக் கிலோக் கணக்கில் பொறுக்கி, மூட்டையாகக் கொண்டுவந்தால் எங்கள் பக்கத்துச் சுங்கக்காரன் பிடுங்கிக்கொள்வான் என்று நாலு சட்டை, மூன்று பாவாடையை ஒன்றன்மேல் ஒன்றாக உடுத்திக்கொண்டு பாலத்தில் நடந்து வருகிறேன். போகும்போது ஒல்லி, வரும்போது குண்டு. கடைக்கு வந்து ஒவ்வொன்றாக உரித்துத் தொங்கவிட்டால்தான் அன்றைக்கு அடுப்பு எரியும். அந்தச் சுங்கக்காரனுக்கும் தெரியும். "என்னா சீமாட்டி, மறுபடியும் மாசமா?" என்று கேட்பான். நானும், "ஆமா, இந்த வாட்டி ரெட்டப் புள்ள" என்று சொல்லிவிட்டு வருவேன். இந்தப் பிழைப்பில் உன் தெருமுனையில் இறங்க எனக்கு நேரமில்லை.

பத்து வயதில் நடந்தது எனக்கு எதுவும் ஞாபகமில்லை. அப்பா எதை எங்கே பதிந்தார் என்றும் தெரியாது. அப்பாவைக் கேள்.

உன் தோன் ஃபிதென்சியோவுக்கு மென்று சாப்பிட எதுவும் கொடுக்க முடியாதே என்று பீன்ஸ் சூப் கொடுத்தேன். இரண்டு கிண்ணம் குடித்தார். உன் வீட்டில் யாரும் அவருக்குச் சோறு போடுவதில்லையா?

ஓதிலியா

சான் பெனிட்டோ
ஏப்ரல் 4, 2018

அக்கா,

நீ திட்டியதை மூன்று தடவை படித்தேன். சுங்கக்காரன் சொன்ன இடத்தில் சிரிப்பு வந்தது. பிறகு அழுகை வந்தது.

உன்னிடம் சொல்லாத ஒன்றைச் சொல்கிறேன். எலிசியோவுக்கு மட்டும்தான் தெரியும். அவருக்கும் பாதிதான் தெரியும்.

அம்மா சாவதற்கு முந்தைய வருஷம், அவளைப் பார்க்க வந்துவிட்டுத் திரும்பினேனே, நினைவிருக்கிறதா? அம்மா ஒரு பை நிறைய, சோள மாவில் அவித்த தமாலே கட்டிக் கொடுத்தாள். அன்றைக்குப் பாலத்தில் என்னை வரிசையிலிருந்து வெளியே எடுத்தார்கள். என்னிடம் பிறப்புச் சான்றிதழும் டிரைவிங் லைசென்சும்தான் இருந்தன. அதற்கு முன்பெல்லாம், "அமெரிக்காவா?" என்று கேட்பான், "ஆமாம்" என்பேன், விட்டுவிடுவான். அன்றைக்கு மருத்துவச்சியின் பெயரைப் பார்த்தவுடன் ஒரு அறைக்குள் கூட்டிக்கொண்டு போனார்கள். ஜன்னல் இல்லாத அறை. ஆள் மாறி ஆள் வந்தார்கள். ஒருவன் நல்லவன் மாதிரி உட்கார்ந்து, "உங்க அம்மா பொய் சொல்லிட்டாங்க, அது ஒங்க தப்பில்ல. நான் மெக்சிகோவுல பொறந்தேன்னு இதுல ஒரு கையெழுத்துப் போடுங்க, வீட்டுக்குப் போயிடலாம்" என்றான். எந்த வீட்டுக்கு என்று அவன் சொல்லவில்லை.

நான் போடமாட்டேன் என்றேன். மறுபடி கேட்டான். மறுபடி மாட்டேன் என்றேன். தைரியத்தில் சொன்னேன் என்று நினைக்காதே. பேனாவைப் பிடிக்க விரல் வரவில்லை. பாத்ரூம் போகவேண்டும் என்று கேட்டதற்கு, "கையெழுத்துப் போட்டுட்டுப் போங்க" என்றார்கள். கடைசியில் நான் உட்கார்ந்த நாற்காலியிலேயே நனைந்துவிட்டேன் அக்கா. நாற்பது வயதுப் பெண், ஒரு பிள்ளை பெற்றவள். அந்த இளம் அதிகாரி முகத்தைத் திருப்பிக்கொண்டான். அதற்குப் பிறகுதான் விட்டார்கள். தமாலே எல்லாவற்றையும் பிரித்துப் போட்டிருந்தார்கள். ஈரப் பாவாடையோடு அதைப் பொறுக்கிக்கொண்டு பஸ் ஏறினேன்.

போகும்போது ஒருவன் சொன்னான்: "இன்னொரு தடவ அந்தப் பக்கம் போனா திரும்ப வர முடியாது. பாஸ்போர்ட் இருந்தா மட்டும் வாங்க." அதனால்தான் அம்மாவுக்கு மண் போட வரவில்லை. லீவு கிடைக்காததால் அல்ல. யெசேனியாவுக்கு அப்போது பதினான்கு வயது. அவளை விட்டுவிட்டு அந்தப் பக்கம் மாட்டிக்கொண்டால்? அன்றைக்கு நான் பாலத்தின் இந்த முனை வரைக்கும் கறுப்பு உடுத்திக்கொண்டு வந்தேன். பாலத்தில் நடக்க டிக்கெட் வாங்கும் இடத்தில் நின்றேன். எதிரே உங்கள் பக்கத்துத் தேவாலயக் கோபுரம் தெரிந்தது. காலை எடுத்து வைக்க முடியவில்லை.

உன்னிடம் இதைச் சொல்ல வெட்கமாக இருந்தது. திமிர் பிடித்தவள் என்றே நினைத்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டேன்.

இப்போது தபால் பெட்டியைத் திறக்கவே பயமாக இருக்கிறது. உள்ளே பாம்பு இருப்பதுபோல் துடைப்பக் கட்டையால் மூடியைத் தூக்குகிறேன். யெசேனியா சிரிக்கிறாள். அவளுக்கு இன்னும் முழுசாகச் சொல்லவில்லை.

ஞாபகமில்லை என்று எழுதியிருந்தாய். உனக்கா ஞாபகமில்லை? நான் எந்தப் பிறந்தநாளில் எந்தச் சட்டை போட்டேன் என்று சொல்கிறவள் நீ. நீ அப்படி எழுதியதிலிருந்து எனக்கு வேறொரு பயம் பிடித்துக்கொண்டது. ஒருவேளை நான் நிஜமாகவே அந்தப் பக்கம்தான் பிறந்தேனா? அதைச் சொல்ல மனமில்லாமல்தான் மறந்துவிட்டது என்கிறாயா? அப்படியென்றால் அதையாவது சொல்லிவிடு. தெரியாமல் இருப்பதுதான் தாங்கவில்லை.

ஹெர்லிந்தா

மத்தமோரோஸ்
ஏப்ரல் 19, 2018

லிந்தா,

பைத்தியக்காரி. மூன்று வருஷமாக இதை வயிற்றில் வைத்துக்கொண்டிருந்தாயா? எனக்குச் சொல்லியிருந்தால் சித்தியிடம் உன்னைப் பற்றி அப்படிப் பேசியிருப்பேனா? கடிதத்தைக் கடையில் வைத்துத்தான் படித்தேன். சட்டை விலை கேட்டு வந்தவளிடம் "இன்னைக்கு வியாபாரம் இல்ல, போ" என்று கத்திவிட்டேன்.

இனி கேள். நீ டெக்சாஸில்தான் பிறந்தாய். பொய்யில்லை, மறக்கவும் இல்லை.

அந்த வருஷம் அப்பா பருத்தி எடுக்க அந்தப் பக்கம் போனார், அம்மாவும் நானும் கூடப் போனோம். அம்மாவுக்கு வலி கண்டது வயலில். தோன்யா ரெஃபூகியோவின் வீட்டுக்கு டிராக்டரில் கொண்டுபோனார்கள். அந்த வீட்டு வாசலில் ஒற்றைக்கண் வான்கோழி ஒன்று இருந்தது. என்னைத் துரத்து துரத்தென்று துரத்தி, நான் தண்ணீர்த் தொட்டி மேல் ஏறிக்கொண்டேன். நீ பிறந்து கத்தியது எனக்கு அங்கேதான் கேட்டது. கீழே வான்கோழி, உள்ளே நீ. இறங்கவும் முடியவில்லை, பார்க்கவும் முடியவில்லை. அந்த மருத்துவச்சி வெளியே வந்து, "ஏண்டி, தங்கச்சி பொறந்திருக்கா, நீ தொட்டி மேல ஏறி முட்டையா போடுற?" என்று கேட்டாள்.

உன் தொப்புள்கொடி காய்ந்து விழுந்தபோது எனக்குப் பள்ளிக்கூடம் திறக்கும் நேரம். சித்தி என்னைக் கூட்டிப்போக வந்தாள். பெண் பிள்ளையின் தொப்புளை அடுப்புக்கடியில் புதைத்தால்தான் அவள் வீடு தங்குவாள், இல்லையென்றால் ஊர் சுற்றுவாள் என்று அப்பா பிடிவாதம். பருத்தி முடியாமல் அவர்கள் திரும்ப முடியாது. அதனால் அம்மா அதைப் பஞ்சில் சுற்றி, காலியான தைல டப்பாவில் வைத்து என் கையில் கொடுத்தாள். "கீழ போட்டா ஒன் தங்கச்சி நாயா அலைவா" என்றாள். அந்த டப்பாவை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு பாலத்தில் நடந்தேன். நம் பக்கத்துச் சுங்கக்காரன் என்னைத்தான் நிறுத்தினான். "என்னாடி இது இறுக்கிப் புடிச்சிருக்க, நகையா?" என்று திறந்து பார்த்து, மோந்தும் பார்த்துவிட்டான். சித்தி, "அய்யா, அது கொழந்தையோட தொப்புளு" என்றதும் டப்பாவை என் மேலேயே எறிந்தான். நான் தரையில் தவழ்ந்து பொறுக்கினேன். உனக்கு முன்னால் உன் தொப்புள்தான் பாலம் தாண்டியது. நம் அடுப்புக்கடியில் நானே தோண்டிப் புதைத்தேன். இப்போது அங்கே கேஸ் அடுப்பு, தரையும் சிமெண்டு. இடம் அதே இடம்.

இரண்டாவது சான்றிதழ் அப்பாவின் புத்திசாலித்தனம். இங்கே பிறந்த பிள்ளைகளுக்குத்தான் ஊர்ப்பொது நிலத்தில் பங்கு என்று யாரோ சொன்னார்கள். உடனே போய், "எங்க வீட்லதான் பொறந்துச்சு" என்று பதிந்துவிட்டு வந்தார். பள்ளிக்கூடத்துக்கும் ஆகும் என்றார். இந்தத் தெருவில் பாதிப் பிள்ளைகளுக்கு அப்படித்தான். ஒரு மாட்டுக்கு இரண்டு கயிறு கட்டினால் பத்திரம் என்று நினைத்தார். நிலமும் வரவில்லை. இப்போது இரண்டு கயிறும் சேர்ந்து உன் கழுத்தை இறுக்குகிறது.

இவ்வளவும் தெரிந்தவள் ஏன் ஞாபகமில்லை என்று எழுதினாய் என்று கேட்பாய். கோபம் பாதி. மிச்சம் பயம்.

நான் அந்தப் பக்கம் வருவது துணிக்காக மட்டும் இல்லை. வாரத்தில் இரண்டு நாள் மிஸ் வில்மா என்கிற கிழவியின் வீட்டில் சுத்தம் செய்கிறேன், அவளைக் குளிப்பாட்டுகிறேன். என் கையில் இருக்கும் எல்லை கடக்கும் அட்டை கடைக்குப் போகவும் சொந்தக்காரரைப் பார்க்கவும்தான். வேலை செய்யக்கூடாது. அதிகாரி முன்னால் போய் உட்கார்ந்தால் முதலில் உன்னைப் பற்றிக் கேட்பான், அடுத்து என்னைப் பற்றிக் கேட்பான். அட்டை போனால் கடையும் போச்சு. என் மருமகள் இரண்டு பிள்ளைகளோடு என்னிடம்தான் இருக்கிறாள்.

நடந்ததை எல்லாம் எழுதி, கீழே கையெழுத்தும் போட்டுத் தருகிறேன். ஆனால் வந்து உட்கார மாட்டேன் லிந்தா. என்னால் முடியாது. கோழை என்று சொல்லிக்கொள்.

ஓதிலியா

சான் பெனிட்டோ
மே 23, 2018

அக்கா,

நீ எழுதியதை யாதிராவிடம் கொடுத்தேன். தொட்டி மேல் முட்டை போட்ட இடத்தில் அவளும் சிரித்துவிட்டாள். ஆனால் காகிதம் மட்டும் போதாதாம். அடுத்த மாதம் விசாரணைக்குத் தேதி கொடுத்திருக்கிறார்கள். சாட்சி நேரில் இல்லையென்றால் இதை யாரோ சொல்லிக் கொடுத்து எழுதியது என்பார்கள் என்கிறாள்.

நான் யாதிராவிடம், என் அக்கா வரமாட்டாள் என்று சொல்லிவிட்டேன். நீ வரவேண்டாம். இதைக் கோபத்தில் எழுதவில்லை. உன் அட்டையில் எத்தனை வயிறு தொங்குகிறது என்று எனக்குத் தெரியாமல் போய்விட்டது. நான் இங்கே உட்கார்ந்துகொண்டு, அக்கா வாராவாரம் சுகமாக வந்து போகிறாள், என் தெருவில் மட்டும் இறங்கமாட்டேன் என்கிறாள் என்று பொருமிக்கொண்டிருந்தேன்.

போன திங்கட்கிழமை வீட்டுக்கு அதிகாரிகள் இரண்டு பேர் வந்தார்கள். நான் வேலையில் இருந்தேன். யெசேனியா கதவைத் திறந்திருக்கிறாள். "உங்கம்மா எந்த ஊரு? வீட்ல என்ன பாஷை பேசுவாங்க? அந்தப் பக்கம் யாரு இருக்கா?" என்று கேட்டிருக்கிறார்கள். அவள், "எங்கம்மா இந்த ஊருதான், ஏன்?" என்று கேட்டிருக்கிறாள். ஒரு சீட்டை வைத்துவிட்டுப் போய்விட்டார்கள். நான் வந்தபோது அவள் எல்லா ஜன்னல் திரையையும் இழுத்துவிட்டு, விளக்குப் போடாமல் உட்கார்ந்திருந்தாள். எல்லாவற்றையும் அவளிடம் சொல்ல வேண்டியதாயிற்று. இப்போது அவளும் தபால் பெட்டியைத் துடைப்பத்தால்தான் திறக்கிறாள்.

காரை எடுப்பதில்லை, யாராவது நிறுத்தினால் என்ன செய்வது என்று பயம். எலிசியோ கொண்டுவிடுகிறார். பள்ளிக்கூடத்தில் தட்டு நீட்டும் பிள்ளைகளுக்குச் சாதம் போடும்போது கை நடுங்குகிறது. ஒரு சின்னப் பெண், "மிஸ், ஒங்களுக்குக் குளுருதா?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன். வெளியே வெயில் கொளுத்துகிறது.

அன்றைக்கு அந்த அறையில் கேட்ட கையெழுத்தைப் போட்டுவிடலாமா என்றுகூட நினைக்கிறேன். போட்டால் இந்தக் காத்திருப்பாவது முடியும். அந்தப் பக்கம் தள்ளினால் நீ இருக்கிறாய். உன் வீட்டில் ஒரு மடக்குக் கட்டில் போட இடம் இருக்குமா? அடுப்புக்குப் பக்கத்தில் போடு. அப்பா ஜெயித்துவிட்டார் என்று சொல்லிக்கொள்ளலாம், பெண் வீடு தங்கிவிட்டாள்.

யெசேனியாவை நினைத்தால்தான் கட்டிலில் படுக்க முடியவில்லை.

வராதே அக்கா.

லிந்தா

மத்தமோரோஸ்
ஜூன் 28, 2018

லிந்தா,

விசாரணை முடிந்து வெளியே வந்தபோது என்னைக் கட்டிக்கொண்டு நீ அழுத அழுகையில் என்னால் ஒன்றும் சொல்ல முடியவில்லை. உன் வக்கீல் வேறு, "அம்மா, தண்ணி குடிங்க, தண்ணி குடிங்க" என்று புட்டியை நீட்டிக்கொண்டே இருந்தாள். ஏன் வந்தேன் என்று நீ கேட்டாய். வராதே என்று எழுதினால் வராமல் இருப்பேனா? வா என்று எழுதிக்கொண்டே இருந்திருந்தால் ஒருவேளை வந்திருக்க மாட்டேன். என் புத்தி உனக்குத் தெரியும்.

உள்ளே நடந்ததை இப்போது சொல்கிறேன். அறை ஐஸ் பெட்டி மாதிரி இருந்தது. அதிகாரி வழுக்கை, மரியாதையாகத்தான் பேசினான். மொழிபெயர்க்க ஒரு பெண். வான்கோழிக்கு எந்தக் கண் இல்லை என்று கேட்டான். இடது கண் என்றேன். டப்பாவில் என்ன இருந்தது என்று கேட்டான்.

"என் தங்கச்சியோட தொப்புள்கொடி."

"அத எதுக்குக் கொண்டுபோனீங்க?"

"எங்க வீட்ல பொம்பளப் புள்ள தொப்புள அடுப்புக்கடியில பொதைப்போம். வீடு தங்கணும்னு."

"தங்குனாங்களா?"

"இல்ல சார். இங்க வந்துட்டா."

அந்தப் பெண் மொழிபெயர்க்கும்போது சிரித்தாள். அவனும் கொஞ்சம் சிரித்தான். எனக்கு உயிர் வந்தது. அப்புறம் அவன் பேனாவைத் திருப்பிக்கொண்டே, "நீங்க வாராவாரம் இந்தப் பக்கம் வர்றீங்க போல. எதுக்கு?" என்றான்.

"துணி வாங்க."

"அது மட்டும்தானா?"

ஆமாம் என்ற சொல் வாய்வரைக்கும் வந்துவிட்டது லிந்தா. சத்தியமாகச் சொல்கிறேன், நாக்கு நுனியில் நின்றது. ஆனால் அவன் முன்னால் ஒரு கட்டுக் காகிதம் இருந்தது. அதில் மிஸ் வில்மாவின் பெயர் இருக்கிறதோ இல்லையோ, எனக்கென்ன தெரியும்? இதில் ஒரு பொய் சொல்லி அது பிடிபட்டால் வான்கோழியும் பொய், டப்பாவும் பொய், உன் தொப்புளும் பொய். பத்து வயதில் கீழே போடாமல் கொண்டுவந்ததை ஐம்பத்து நாலு வயதில் போடவா? சொல்லிவிட்டேன். கிழவியைக் குளிப்பாட்டுகிறேன், காசு வாங்குகிறேன் என்று சொல்லிவிட்டேன். அந்தப் பெண் சிரிப்பதை நிறுத்திவிட்டாள். மொழிபெயர்க்கலாமா என்பதுபோல என்னையே பார்த்தாள். "சொல்லும்மா, பரவால்ல" என்றேன்.

உன்னிடம் வெளியே வந்து சொல்லவில்லை. சொல்லியிருந்தால் நீ திரும்ப உள்ளே ஓடி ஏதாவது செய்திருப்பாய்.

அடுத்த செவ்வாய்க்கிழமை வழக்கம்போலப் பாலத்துக்குப் போனேன். அட்டையைக் கருவியில் வைத்த பையன் என்னை நிமிர்ந்து பார்த்தான். இரண்டு வருஷமாக என்னைத் தெரிந்தவன். "மன்னிச்சிக்கங்க சீமாட்டி" என்றான். கத்தரிக்கோல் எடுத்து அட்டையின் மூலையை நகம் வெட்டுவதுபோல வெட்டினான். இனி எனக்கு அந்தப் பக்கம் இல்லை. திரும்பி நடந்து வந்தேன். நம் பக்கத்துச் சுங்கக்காரன், "என்னா இன்னைக்கு ஒல்லியா வர்ற? கலைஞ்சிடுச்சா?" என்று கேட்டான். மூலை வெட்டிய அட்டையை அவனிடம் நீட்டினேன். அவன் ஒதுங்கி வழிவிட்டான்.

அழாதே. கடையில் இருக்கிற துணி இன்னும் கொஞ்ச நாள் வரும். மிஸ் வில்மாவிடம் மட்டும் யாராவது போய்ச் சொல்ல வேண்டும். நான் வராவிட்டால் அவள் மாத்திரையை மறந்துவிடுவாள். என் ஏப்ரனும் செருப்பும் அங்கேதான் இருக்கின்றன.

தோன் ஃபிதென்சியோவுக்கு மேல்வரிசைப் பல் வந்துவிட்டது. சோளத்தைக் கடித்துக் காட்டிவிட்டுப் போனார்.

உன் அக்கா

சான் பெனிட்டோ
செப்டம்பர் 3, 2018

அக்கா,

பாஸ்போர்ட் வந்துவிட்டது. யெசேனியாதான் தபால் பெட்டியைத் திறந்தாள், கையால். யாதிராவிடம் கேட்டேன், கடைசியில் எதை நம்பினார்கள் என்று. "தனக்கே கெடுதல்னு தெரிஞ்சும் ஒரு பொம்பள உண்மையச் சொல்லிட்டா. அதுக்கப்புறம் மத்தது பொய்னு சொல்ல அவங்களுக்கு வழியில்ல" என்றாள். எலிசியோ கேக் வாங்கி வந்தார். யாரும் வெட்டவில்லை.

மிஸ் வில்மாவிடம் போனேன். "ஓடி எங்கே?" என்று கேட்டாள். உன்னை ஓடி என்றா கூப்பிடுகிறாள்? சொன்னேன். அவளுக்குப் புரிய வெகுநேரம் ஆனது. இப்போது செவ்வாய், புதன் சாயங்காலம் நான் போய் மாத்திரை கொடுக்கிறேன். உன் செருப்பு எனக்குச் சரியாக இருக்கிறது.

பாஸ்போர்ட் புத்தகம் கையில் இருந்தால் பயம் போய்விடும் என்று நினைத்தேன். போகவில்லை. மாவு டப்பாவுக்குள் வைத்தேன், பிறகு அங்கே பூச்சி வரும் என்று எடுத்து மெத்தைக்கடியில் வைத்தேன். கொடுத்த பாஸ்போர்ட்டைப் பாலத்தில் திரும்பப் பிடுங்கிக்கொண்ட கதைகளை இங்கே எல்லாரும் சொல்கிறார்கள். போவது பயமில்லை, திரும்புவதுதான். போன வாரமும் அதற்கு முந்தின வாரமும் பாலத்தின் முனைவரைக்கும் வந்துவிட்டுத் திரும்பினேன். டிக்கெட் வாங்கும் இடத்தில் நின்றால் ஜன்னல் இல்லாத அந்த அறையும் அந்த நாற்காலியும் கண்முன்னால் வந்துவிடுகின்றன.

சாக்குச் சொல்லித் தோன் ஃபிதென்சியோவிடமே கொடுத்தனுப்பலாம் என்று போனேன். அவருக்குக் கீழ்வரிசையும் வந்துவிட்டது. "இனிமே எனக்கு அங்க என்ன வேல?" என்று வாய் நிறையப் பல்லோடு கேட்டார். அந்த மனுஷனுக்கு உன் சூப்பின்மேல் கூட நன்றியில்லை.

ஆகவே இந்தக் கடிதத்தைக் கொண்டுவர ஆளில்லை. நானேதான் கொண்டுவருகிறேன்.

நேற்றுக் கிடங்குக்குப் போய் நீ பொறுக்குவதுபோலப் பொறுக்கினேன். மூன்று பாவாடை, நாலு சட்டை, இரண்டு குழந்தைக் கவுன். கவுனை மட்டும் எப்படி உடுத்துவது என்று தெரியவில்லை, வயிற்றில் கட்டியிருக்கிறேன். இதை எழுதும்போதே வியர்த்துக் கொட்டுகிறது. இனி வியாழக்கிழமைதோறும் இப்படித்தான் வருவேன். வாராவாரம் அந்தப் பாலத்தில் எனக்குக் கால் நடுங்கும், வாராவாரம் திரும்பும்போது அவன் என் முகத்தையும் புத்தகத்தையும் மாறி மாறிப் பார்ப்பான். நடுங்கட்டும். உன் கடை மூடக்கூடாது.

சுங்கக்காரன் கேட்டால் இரட்டைப் பிள்ளை என்று சொல்லவேண்டும், இல்லையா? வாய் வருமா தெரியவில்லை.

குண்டாக வருகிறேன், சிரிக்காதே. பயமாகத்தான் இருக்கிறது. அடுப்பை மூட்டி வை அக்கா.

லிந்தா